சேதாரக் கணக்கு

வெள்ளிப் பட்டறைகளில் சேதாரம் என்றொரு கணக்கு உண்டு. காலையில் தொழிலாளியிடம் எடை போட்டுக் கொடுத்த வெள்ளி, கம்பியாக இழுக்கப்பட்டு, வளையமாகக் கோக்கப்பட்டு, பற்றவைக்கப்பட்டு, மெருகேறி மாலையில் கொலுசாகத் திரும்பி வரும்போது சில கிராம்கள் குறைந்திருக்கும். அராவும்போது உதிர்ந்த தூள், கழுவிய நீரோடு போனது, உருக்கும்போது குறைந்தது என்று பட்டறைக்காரர்கள் அதற்கு ஓர் அளவு வைத்திருப்பார்கள். தரையைக் கூட்டிய மண்ணைக்கூட வீணாக்காமல் சேர்த்து வைத்து, அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களிடம் விற்பார்கள். அவ்வளவு கறாரான தொழில் அது.

சேலம் செவ்வாப்பேட்டையில் என் மருந்துக்கடை இருக்கும் தெருவிலேயே சிறிய பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு, 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தச் சேதாரம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. தராசை மாற்றிப் பார்த்தார். பட்டறை மண்ணை இரண்டு முறை சலித்துப் பார்த்தார். கடைசியில், தம்மிடம் பத்தொன்பது ஆண்டுகளாகப் பற்றவைக்கும் வேலை செய்துவந்த ஒருவரைச் சந்தேகப்பட்டு, வாய்திறந்து திருடன் என்று சொல்லாமல், கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது இங்கே எல்லாப் பட்டறைக்கும் தெரியும். அதன்பின் ஏழு மாதங்கள் அவருக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. வெள்ளியை எடுத்தவன் அண்ணனுடைய மகன். பெங்களூருவில் படித்து, அங்கேயே வேலையில் சேர்ந்து, திடீரென்று வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தவன்.

அது எங்களுக்குத் தெரிய வந்தது 2023இல், கடையை அடைக்கப்போகும் நேரத்தில் அண்ணன் வந்து நின்ற ஓர் இரவில். "தம்பி, நாலு நாளா அவன் தூங்கலைங்க. தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை குடுங்க" என்றார். மருத்துவர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டு அவரோடு வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தரையில் பையன் உட்கார்ந்திருந்தான். மிக்ஸியையும் மேசை விசிறியையும் ஒரு பழைய கைபேசியையும் முழுக்கப் பிரித்து, அவற்றின் திருகாணிகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை நேர்க்கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். வரிசை அடுப்பு மேடையின் கீழே தொடங்கிப் பூஜை அறை வாசல் வரை போயிருந்தது. தாடை ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. அவனுடைய தாய் சுவரோரமாக நின்று, அந்த வரிசையை மிதித்துவிடக் கூடாதே என்ற பயத்தில், தண்ணீர் எடுக்கக்கூடப் போகாமல் இருந்தார்.

அவன் எடுத்திருந்தது மெத்தம்பெட்டமைன், சுருக்கமாக மெத், என்ற போதைப்பொருள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெயரைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பாடப்புத்தகத்தில் படித்தவன் நான். அது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பெருவெள்ளமாகத் திறந்துவிடும் என்பதும், கோகெய்ன் உடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைய, இது பாதியாகக் குறையவே பத்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஓடாத விசிறியின் திருகாணிகளை இரவு முழுவதும் அடுக்கிக்கொண்டிருப்பது அந்த மருந்தின் வேலை என்பது தெரியாது. குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அந்த அறியாமை என்னை மிகவும் உறுத்தியது. அதன்பிறகுதான் இந்தப் போதையைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். பாடப்புத்தகத்தில் இல்லாதது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் கைக்கு வந்தது நிக் ரெடிங் எழுதி 2009இல் வெளியான 'மெத்லேண்ட்'. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஏறத்தாழ 6,000 பேர் வாழும் ஓல்வைன் என்ற ஊரைப் பற்றிய நூல். ரயில்வே பணிமனையும் இறைச்சிப் பதனிடும் ஆலையும் விவசாயமும் தாங்கி நின்ற ஊர் அது. பணிமனை போயிற்று. சிறு விவசாயிகள் நிலத்தை விட்டுப் போனார்கள். ஆலை கைமாறியது; கைமாறியபோது தொழிற்சங்கம் ஒழிந்து, கூலி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது; பின்னர் அந்த ஆலையும் மூடப்பட்டது. ரெடிங் அந்த ஊரில் காட்டும் மனிதர்களில் ஒருவர், ஆலையில் இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்று வேலை பார்ப்பதற்காக மெத்தைத் தொட்டவர். கூலி குறைந்தபின் அதைத் தாமே வீட்டில் காய்ச்சத் தொடங்கி, ஓர் இரவில் வீடு தீப்பற்றி, மூக்கும் விரல்களும் உருகிப்போகும் அளவுக்கு வெந்து பிழைத்தவர். விரல்கள் போன பிறகும் எஞ்சிய கைகளால் குழாயைப் பிடித்துப் புகைத்தார் என்று படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொடூரத்தைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது நூலின் அமைப்புதான். அடிமையானவரின் பின்னாலேயே ஓடாமல், ஊரின் மருத்துவர், அரசு வழக்கறிஞர், மேயர் ஆகியோரின் பின்னாலும் ரெடிங் சமமான பொறுமையோடு நடக்கிறார். ஊரைக் காப்பாற்ற நினைக்கும் மருத்துவருக்கே குடிப்பழக்கம் இருக்கிறது. சிறு வயதிலிருந்து தெரிந்தவர்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டியவராக வழக்கறிஞர் இருக்கிறார். உடைந்த சாலையையும் மூடிய கடைகளையும் சரிசெய்தால் போதையும் குறையுமா என்று மேயர் கணக்குப் போடுகிறார். ஒரு வேதிப்பொருள் ஊருக்குள் நுழைந்து எங்கெங்கே எவ்வளவு தேய்த்தது என்பதற்கு இவ்வளவு விரிவான கணக்கை நான் வேறெங்கும் படித்ததில்லை. தங்கள் ஊரைப் போதையூர் என்று முத்திரை குத்திவிட்டார் என ஓல்வைன் மக்களில் சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆலை மூடியது, அதனால் போதை வந்தது என்று ஒரே சரட்டில் கோத்துவிடும் அவசரமும் ஆங்காங்கே இருக்கிறது. ஆலை மூடாத ஊர்களிலும் மெத் இருக்கிறது அல்லவா?

எனினும் உழைப்புக்கும் இந்தப் போதைக்கும் உள்ள உறவை அவர் சரியாகவே தொட்டிருக்கிறார். மெத்தின் வரலாறு முழுவதிலும் அந்த உறவு ஓடுகிறது. 1893இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி இதை முதன்முதலில் உருவாக்கினார்; 1919இல் அகிரா ஒகாத்தா படிகமாக்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது அந்நாட்டில் 'பிலோப்பான்' என்ற பெயரில் மாத்திரையாக விற்கப்பட்டது. உழைப்பை விரும்புதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. இராணுவத்துக்கும் ஆலைகளின் இரவு வேலைக்கும் போன மாத்திரை, போர் முடிந்ததும் கடைத்தெருவுக்கு வந்தது. 1951இல் தனிச்சட்டம் போட்டுத்தான் அதைக் கட்டுப்படுத்தத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் கதையை நார்மன் ஓலர் 2015இல் ஜெர்மன் மொழியில் எழுதினார்; 'பிளிட்ஸ்ட்' என்ற பெயரில் அது ஆங்கிலத்தில் கிடைக்கிறது. 'பெர்விட்டின்' என்ற அதே மருந்து மருந்துக்கடைகளில் சாதாரணமாக விற்றதையும், வீட்டு வேலை அலுக்காமல் இருக்க மெத் கலந்த சாக்லெட் பெண்களுக்கு விளம்பரம் செய்யப்பட்டதையும், 1940இல் மேற்குப் போர்முனைப் படைகளுக்காக 3.5 கோடி மாத்திரைகள் வாங்கப்பட்டதையும் அவர் சொல்கிறார். போரின் போக்கையே மாத்திரையால் விளக்கிவிட முயல்கிறார் என்று ரிச்சர்ட் எவன்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் அந்நூலைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். படிப்பவர்கள் அந்த மறுப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் மருந்துக்கடைக்காரனாகிய எனக்கு அந்தச் சாக்லெட் மறக்கவே முடியாத செய்தி. களைப்பு என்பது உடல் நம்மிடம் சொல்லும் ஒரு சொல். அந்தச் சொல்லை வாயடைத்து விற்பதற்கு எப்போதும் ஒரு சந்தை இருந்திருக்கிறது.

இதைச் சேலத்தில் உட்கார்ந்து படிக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. இரவு முழுவதும் விசைத்தறிச் சத்தம் ஓயாத அம்மாபேட்டைத் தெருக்கள், பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் விடிய விடியப் பற்றவைக்கும் கொலுசுப் பட்டறைகள், கொண்டலாம்பட்டிப் புறவழிச்சாலையில் டீ குடித்துவிட்டு மீண்டும் வண்டியேறும் லாரி ஓட்டுநர்கள், மரவள்ளிக் கிழங்கு வரத்துக் காலத்தில் இரவு பகலாக ஓடும் ஜவ்வரிசி ஆலைகள் எல்லாம் கண்முன் வந்து போகின்றன. இவர்களிடையே மெத் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகவும் அவதூறாகவும் முடியும். 2019இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் மதுப் பழக்கம் உள்ளோர் 14.6 விழுக்காடு, மெத் உள்ளிட்ட ஆம்பெட்டமைன் வகைகளைப் பயன்படுத்துவோர் 0.18 விழுக்காடு. என் கடை வாசலில் நான் காண்பதும் அந்த விகிதத்தை ஒத்ததுதான்: குடி, உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலம், சீட்டில்லாமல் வலி மாத்திரை கேட்டு மூன்று கடை ஏறி இறங்கும் பதினெட்டு வயதுப் பையன்கள். மெத் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறது. ஆனால் அது நுழையக்கூடிய வாசல், அதாவது தூங்காமல் உழைத்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி, நம்மிடம் அகலமாகத் திறந்துதான் இருக்கிறது. அண்ணனின் மகனும் கேளிக்கைக்காக முதலில் அதைத் தொடவில்லை. மறுநாள் காலைக்குள் முடித்தாக வேண்டிய ஒரு வேலைக்காக, அறைத்தோழன் கொடுத்ததை வாங்கியிருக்கிறான்.

உழைப்பு என்ற ஒற்றைக் காரணத்தோடு நான் நின்றுவிடாமல் தடுத்தவை அடுத்துப் படித்த இரண்டு நூல்கள். டேவிட் ஷெஃப் எழுதிய 'பியூட்டிஃபுல் பாய்', அவருடைய மகன் நிக் ஷெஃப் எழுதிய 'ட்வீக்' ஆகிய இரண்டும் 2008இல் வெளியானவை. கலிஃபோர்னியாவில் வசதியான வீடு, படித்த தந்தை, நல்ல பள்ளி. மூடிய ஆலை எதுவும் இந்தக் கதையில் இல்லை. தந்தை பத்திரிகையாளர் என்பதால் நூலின் பாதியில் மருத்துவர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் தேடித்தேடிப் பேட்டி காண்கிறார். மகனுக்கு என்ன ஆயிற்று என்று அறிந்துவிட்டால் அவனை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு பேரையும் தேடிப்போகிறார். அந்த நம்பிக்கை மெல்ல மெல்ல உடைவதே நூலின் உள்ளோட்டம். இந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கவில்லை, என்னால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அடிமையானோரின் குடும்பத்தார் கூடும் குழுக்களில் சொல்லிக்கொள்வார்கள். அதை அவர் காதால் கேட்டதற்கும் மனத்தால் ஏற்றுக்கொண்டதற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

அந்த நூலில், மூத்தவன் தன் சின்னஞ்சிறு தம்பி சேர்த்து வைத்திருந்த எட்டு டாலரை எடுத்துவிடும் இடம் ஒன்று வருகிறது. எவ்வளவோ பெரிய இழப்புகளைச் சொல்லும் நூலில், படித்தவர்கள் எவரும் மறக்காத இடம் அதுதான். அதைப் படித்தபோது எனக்குப் பட்டறை அண்ணன் வீடு நினைவுக்கு வந்தது. மொத்தம் எவ்வளவு வெள்ளி போயிற்று என்று இன்றுவரை அண்ணன் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் மகள் ஐந்து வயதில் போட்டிருந்த, முத்து வைத்த சின்னக் கொலுசு பீரோவில் இல்லை என்று கண்ட நாளை மட்டும் தேதியோடு சொல்வார். அந்தக் கொலுசை அவரே தம் கையால் செய்திருந்தார். அதன் எடை 38 கிராம்.

தந்தையின் நூலையும் மகனின் நூலையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. ஒரே ஆண்டுகள் இரண்டிலும் வருகின்றன. தந்தை தொலைபேசியருகே விடியும்வரை உட்கார்ந்திருந்த காலத்தை மகன் எங்கே, எப்படிக் கழித்தான் என்பது மற்றதில் இருக்கிறது. மகனின் நூல் எழுத்தளவில் சற்றுக் கரடுமுரடானது. நிகழ்காலத்திலேயே மூச்சுவாங்க ஓடுகிறது. போதையின் இன்பத்தை மறைக்காமல் சொல்வதால் அதை இளையவர்களிடம் கொடுக்கத் தயங்குவோரும் உண்டு. எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. இன்பமே இல்லாத ஒன்றுக்காக ஒருவன் தங்கையின் கொலுசை எடுப்பானா? அந்த இன்பத்தைப் பொய் என்று சொல்லும் எந்தப் புத்தகத்தையும், அதை ஒருமுறை அனுபவித்த பையன் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவான். நிக் ஷெஃப் அந்நூலுக்குப் பிறகும் தடுமாறி விழுந்தார்; 2011இல் எழுதிய அடுத்த நூலில் அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

எங்கள் தெருப் பையனும் அப்படியே விழுந்தான். முதலில் அவனைச் சேர்த்த தனியார் மறுவாழ்வு இல்லத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. எங்கே இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. நாற்பத்தைந்து நாள்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். முதல் மூன்று வாரம் பெற்றோர் பார்க்கவே கூடாது என்றார்கள். பார்க்க அனுமதித்த அன்று அவனுடைய கணுக்காலில் சங்கிலித் தழும்பு இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் வைத்து, நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது. அது அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய நானும் சேர்ப்பதற்கு முன் அதை விசாரிக்கவில்லை. வெளியே வந்த பத்தாம் நாளில் மறுபடியும் தொட்டான். பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு மருத்துவர் முதலில் சொன்னது, இந்தப் போதைக்கு மாற்றாகத் தரும் மருந்து என்று எதுவும் கிடையாது, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் வேண்டுமானால் தரலாம், மற்றதெல்லாம் பேச்சும் பழக்கமும் காலமும்தான் என்பது. ஒரு மாத்திரையில் தீரும் என்று எவரும் வாக்குக் கொடுக்காததே அந்தத் தந்தைக்கு ஒரு நிதானத்தைத் தந்தது. வழக்கு வந்துவிடுமோ என்று அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையாகிப் பயன்பாட்டுக் குற்றத்திலோ சிறிய அளவு சார்ந்த குற்றத்திலோ சிக்கியவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பல பெற்றோர் அந்தப் பயத்தினாலேயே பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பேசினாலும் வழிகாட்டுவார்கள், கட்டணம் கிடையாது.

எல்லன் ஹாப்கின்ஸ் தம் மகளின் அனுபவத்தை அடியாகக் கொண்டு 2004இல் எழுதிய 'கிராங்க்' என்ற கவிதை வடிவ நாவலையும் படித்தேன். அமெரிக்க நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் பேர் முறையிட்ட நூல்களில் ஒன்று அது. பதின்வயதுப் பெண்ணின் குரல் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் போதையை ஓர் அரக்கன் என்று பெயரிட்டுப் பேசும் உத்தி எனக்கு ஒப்பவில்லை. அரக்கன் என்று சொல்லிவிட்டால் ஊருக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் ஒரு காவல் அலுவலகம் 2004 முதல் வெளியிட்ட, மெத்துக்கு முன்னும் பின்னுமான முகங்களின் படங்களிலும் இதே குறையைக் காண்கிறேன். அத்தகைய படங்களைப் பெரிதாக்கி இங்கே ஒரு பள்ளியின் விழிப்புணர்வு நாளில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் பல் போன முகங்களைப் பார்த்து அருவருத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். அண்ணனின் மகனுக்குப் பல் போகவில்லை, முகத்தில் புண் இல்லை. அந்தச் சுவரொட்டியை வைத்து அவனை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

'மெத்லேண்ட்' நூலின் இன்னொரு பகுதி என் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது. மெத்துக்கு மூலப்பொருள் மூக்கடைப்புக்கும் சளிக்கும் தரப்படும் எஃபெட்ரினும் சூடோஎஃபெட்ரினும். அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறையில் இருந்த ஜீன் ஹெய்ஸ்லிப் 1980களிலேயே இந்த மூலப்பொருள்களைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று வாதாடினார். 1988இல் சட்டம் வந்தபோது, மருந்து நிறுவனங்களின் அழுத்தத்தால், மாத்திரையாக விற்பவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. காய்ச்சுபவர்கள் அந்த மாத்திரையையே வாங்கிக் காய்ச்சினார்கள். அதன்பின் அந்த மாத்திரைகளைக் கடை மேடைக்குப் பின்னால் வைத்து, வாங்குபவரின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2006இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஓல்வைன் எரிந்தது. தணிக்கைக்கு வருபவர்கள் சில மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று எழுதி வைக்கும் எச்1 பதிவேட்டைக் கேட்கும்போதெல்லாம் சலித்துக்கொண்டவன் நான். இப்போது அதை எழுதும்போது கையெழுத்துக்கூடத் திருத்தமாக வருகிறது. நம் நாட்டிலும் சூடோஎஃபெட்ரின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். ஆனாலும் 2024 பிப்ரவரியில் தில்லியில் பிடிபட்ட 50 கிலோ சூடோஎஃபெட்ரின், சத்துமாவுக்குள்ளும் தேங்காய்ப் பொடிக்குள்ளும் மறைத்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்ப வைத்திருந்தது என்று செய்தி வந்தது. அந்த விசாரணையின் கயிறு தமிழ்நாடு வரை நீண்டது. நம் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சும் மாவில் இன்னொரு நாட்டுப் பிள்ளையின் அழிவைப் பொட்டலம் கட்டியிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்தமான் கடலில் ஒரு மியான்மர்ப் படகில் ஏறத்தாழ 6,000 கிலோ மெத் பிடிபட்டது.

தமிழில் இந்த மாதிரியான ஒரு நூல் ஏன் இல்லை என்ற கேள்வி இந்த வாசிப்பு முழுவதும் என்னோடு இருந்தது. போதையால் குடும்பமும் ஊரும் தேய்வதைத் தமிழில் எழுதிக் காட்டுவதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். கல்கி அதில் உதவி ஆசிரியராகப் பணிபுரிந்தார். பத்து இதழ்கள்தாம் வந்தன. அன்றைய சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததும் எங்கள் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1ஆம் நாள். பெர்விட்டினுக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெறப்பட்டதும் அதே 1937இல்தான் என்பதை ஓலரின் நூலில் படித்தபோது, இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதி வைத்தேன். மதுவிலக்கு வென்றதா தோற்றதா என்பது வேறு விவாதம். கள்ளுக்கடைக்குப் போன கூலி எந்தப் பானையைக் காலியாக்கியது என்று வீட்டுக்குள் நுழைந்து பார்த்து எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்று இந்த மண்ணில் சிலருக்கு இருந்தது.

இன்று மெத் என்றால் நம் இளைஞர்களுக்குத் தெரிவது 'பிரேக்கிங் பேட்' தொடரின் நீலப் படிகம். அது காய்ச்சியவனின் கதை. நமக்கு வேண்டியது தின்றவன் வீட்டுக் கதையும், அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கதையும். எழுதுபவர் வெளியிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கிப் போகிறவராக இல்லாமல், பட்டறை மொழி தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை கிராம் பிடிபட்டது, எத்தனை பேர் கைது என்று செய்தித்தாள் போடும். பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்த ஒருவர் ஏழு மாதம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியது எந்தச் செய்தியிலும் வராது.

பையன் இப்போது ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், உறவினர் ஒருவரின் சிறிய காப்பித் தோட்டத்தில் இருக்கிறான். பதினான்கு மாதங்கள் ஆகின்றன. 2001இல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 முதல் 17 மாதம் மெத்தை விட்டிருந்த ஐந்து பேரின் மூளையில் டோபமைன் கடத்திகள் (டோபமைனைக் கையாளும் புரதங்கள்) கணிசமாகத் திரும்ப வந்திருந்தன; ஆனால் நினைவாற்றலும் கை வேகமும் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. ஐந்தே பேர்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் அந்தப் பதினேழு என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேருந்தில் மேலே போகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் 'மெத்லேண்ட்' நூலைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். தலை சுற்றினால் நிறுத்திவிடுவேன். பழம் பறிக்கும் காலத்தில் போனபோது, மாலையில் பறிப்பவர்கள் கொண்டுவரும் சாக்குகளைத் தராசில் ஏற்றி, ஆள்வாரியாக எடை எழுதும் வேலையைப் பையனிடம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வோர் எடையையும் உரக்கச் சொல்லி, பறித்த பெண் தலையசைத்த பிறகே எழுதினான். அண்ணன் அருகே போகாமல், சில்வர் ஓக் மரத்தடியில் நின்றபடியே கடைசிச் சாக்கு வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் இப்போது சிவதாபுரத்தில் ஒரு பட்டறையில் இருக்கிறார். அண்ணன் அவர் வீட்டுக்கு மூன்று முறை போய் வந்தார். முதல் இரண்டு முறை கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை அவருடைய மனைவி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. சென்ற மாதம் மலையிலிருந்து இறங்கும்போது, அந்த அமெரிக்க ஊர்ப் புத்தகத்தில் இவரைப் போல ஒருவர் வருகிறாரா என்று அண்ணன் கேட்டார். நான் படித்த வரையில் இல்லை என்றேன். சற்று நேரம் கழித்து, "நீங்க எழுதறீங்கள்ல, இதையும் எழுதுங்க தம்பி. யார் பேரும் போட வேண்டாம். ஆனா அவரு எடுக்கலைங்கறதை மட்டும் தெளிவா எழுதிருங்க" என்றார்.